சொல்லாத வரைக்கும்

அப்பாவின் தாடையைத் தூக்கிப் பிடித்து, துணியைத் தலைக்கு மேலே கொண்டுபோய் முடிச்சுப் போட்டபோது முற்றத்தில் தாயிரா மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நெருப்பில் காட்டிய தோல் இறுகிவிட்டதா என்று ஒருவன் விரலால் சுண்டிப் பார்த்தான். தொளதொளவென்று ஒரு சத்தம் வந்தது. இன்னும் சூடு போதவில்லை. புலோர் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். அவளுடைய தலைத்துணிதான் அது. விசேஷத்துக்கென்று தம்பி பெண்டாட்டி வாங்கிக் கொடுத்தது, கடை மடிப்புகூடக் கலையவில்லை. கைக்கு அதுதான் அகப்பட்டது.

அப்பா பின்ஹாஸ் விடியலுக்குச் சற்று முன்னால் போயிருந்தார். எந்த நேரம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், நடுவில் கண் செருகியிருக்கலாம். பாதி ஆயுசைப் பட்டு ஆலையில் கழித்தவள். கொதிநீர்த் தொட்டியில் மிதக்கும் கூடுகளைத் துழாவி நுனி கண்டுபிடித்து இழை எடுக்கிற வேலை. இழை அறுந்தால் சத்தம் வராது. சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். யாராவது கவனித்துச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருக்கலாம். இதுவும் அப்படித்தான் ஆனது. வெந்து வெந்து மரத்துப்போன அவள் விரல்களுக்கு, பிடித்திருந்த கையில் சூடு இல்லை என்பது மெதுவாகத்தான் தெரிந்தது.

கண்ணை மூடிவிட வேண்டியது மகன். மகன் வெளியே பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கோச்சுக்காதப்பா," என்று சொல்லிவிட்டு அவளே மூடினாள்.

ஜன்னல் கண்ணாடியில் அடுப்புப் புகையும் பனியும் ஒன்றாகப் படிந்திருந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்தார்கள். கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் என்ன ஆகும் என்பது சமர்கண்டின் யூத மஹல்லாவில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பெற்றவர் செத்ததிலிருந்து மண்ணுக்குள் போகிறவரை பிள்ளைக்கு எதுவும் கிடையாது. கறி கூடாது, மது கூடாது. தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்றால் அந்தப் பத்தில் அவன் தலையைச் சேர்க்க மாட்டார்கள். தெஃபிலின் கட்டக்கூடாது. மண் போட்ட பிறகும் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் மேளச் சத்தம் கேட்காது.

இன்றைக்கு அம்னுனுக்குத் தெஃபிலின் முதல் கட்டு. தம்பி நிசோனின் ஒரே மகன் அவன். பதின்மூன்று முடிந்து, ஆண்களோடு ஆணாகச் சேர்கிற நாள். தோலால் செய்த கறுப்புப் பெட்டி இரண்டு, ஒன்று இடது புஜத்தில், ஒன்று நெற்றியில். நீள வாரால் சுற்றிச் சுற்றிக் கட்டவேண்டும். கட்டிவிட வேண்டியது அப்பன். இதற்காகத் தாஷ்கண்டிலிருந்தும் துஷான்பேயிலிருந்தும் உறவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து, அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தாஷ்கண்ட் சித்தப்பா ஹிஸ்கியோவின் குடும்பத்துக்கு நாட்டைவிட்டுப் போக அனுமதி வந்துவிட்டது. இங்கிருந்து போனதும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அடுத்தது துஷான்பேக்காரர்கள். ஒரு வருஷம் தள்ளிவைத்தால் முற்றம் இருக்கும், நிற்க ஆள் இருக்காது.

கேள்விப்படாதவனுக்குத் துக்கம் இல்லை. இது அவள் தன் வசதிக்குக் கண்டுபிடித்தது அல்ல, பழைய சட்டம். சாவுச் சேதி காதில் விழாதவன் விருந்துக்குப் போகலாம், ஆடலாம், பாடலாம். கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. தெரிந்தவள் இவள் ஒருத்தி. சரி, சட்டம் இவளை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். வீட்டில் எது வந்தாலும் முதலில் இவளைத்தானே பிடித்துக்கொள்கிறது.

நிசோனின் முதல் கட்டு அவளுக்கு நினைவிருந்தது. அம்மா போன பிறகு அவளே வளர்த்த பையன். அன்றைக்குக் காலையில் அப்பா ரயில் நிலையத்துச் சரக்கு முற்றத்தில் சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி விடுப்புக் கொடுக்கவில்லை. தூரத்து மாமா ஒருத்தர் ஏதோ அவசரத்தில் இருப்பவர்போல வாரைச் சுற்றிவிட்டுப் போனார். பொழுது சாய்ந்து அப்பா வந்தார், புருவம் வரைக்கும் வெள்ளை. முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, "எங்கடா, கட்டிக் காட்டு பாப்போம்" என்றார். "இருட்டிப் போச்சுப்பா. ராத்திரியில கட்டக்கூடாது," என்றான் பையன். "ஆமால்ல," என்றார் அப்பா. ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவன் கட்டி எத்தனையோ காலையில் பார்த்திருப்பார். ஆனாலும் நிசோன் குடித்திருந்த ஒரு கல்யாணத்தில், யார் தோளிலோ சாய்ந்துகொண்டு, "எங்கப்பன் வரலை தெரியுமா, எனக்கு எங்கப்பன் வரலை," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முப்பது வயது தாண்டிய ஆள். அதை அவள் கேட்டாள்.

அம்னுனுக்கு அப்பன் வருவான். அவ்வளவுதான். வேதச் சுருளைப் படித்து முடித்து, வாரை அவிழ்க்கிற நேரம் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் கை இருக்கிறதே, அது அவளைக் கேட்கவில்லை. கட்டிலடியில் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்தது. கதவைத் திறந்தது. வாசல்படிக்கு வெளியே மொத்தத்தையும் கவிழ்த்தது.

கொட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவது வழக்கம். வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற சேதியை அந்தத் தண்ணீர் தெருவுக்குச் சொல்லிவிடும். அம்மாவுக்குக் கொட்டியிருக்கிறாள், புருஷனுக்குக் கொட்டியிருக்கிறாள். பழகிய கை. செங்கல் தளத்தில் ஈரம் ஒரு ஆள் படுத்த அளவுக்குப் பரவிக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு இஸ்தாம் கிழவி தாழ்வாரத்து ஓரத்தில் கேரட் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஏன்டி தண்ணிய ஊத்தின?"

"ஈ விழுந்துடுச்சு."

"இந்தக் குளிருக்கா? எங்க ஊரு ஈக்கு வந்த தைரியத்தப் பாரேன்."

புலோர் வெறும் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவி அவள் முகத்தைப் பார்த்தாள், அவள் தலையில் இருந்த சாயம்போன பழைய துணியைப் பார்த்தாள். கத்தியைத் துடைத்துக் கேரட் குவியல்மேல் வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள். அது ஒரு தனி வேலை.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். எனக்கும் காது மந்தம், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"ஒத்தையா விட்டுட்டு வந்து நிக்கிற? அவனைத் தனியா விடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? தள்ளு. நான் உக்காந்துக்கறேன். நான் யாரு அவனுக்கு, பக்கத்து வீடு. எனக்கு ஒரு தடையும் இல்ல." படி ஏறும்போது திரும்பினாள். "அப்புறம் எனக்குன்னு ஒரு தட்டு கறிச்சோறு எடுத்து வை. கேரட் பூரா நான்தான் அரிஞ்சிருக்கேன்."

கதவு சாத்திக்கொண்டது. புலோர் அதற்கு முன்னால் நின்றாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள் என்று தோன்றியது. வாதுமை மரத்திலிருந்து பூ உதிர்ந்துகொண்டிருந்தது, அல்லது அடுப்புச் சாம்பல். இரண்டும் ஒரே நிறத்தில் ஒரே அவசரமின்மையோடு வந்து இறங்கின. ஆலையில் காலை ஷிப்டில் ஆவி எழும்பும்போது எதிர் வரிசைப் பெண்கள் இடுப்புக்குமேல் மட்டும் மிதப்பார்கள். இப்போது உறவுக்காரர்கள் அப்படி மிதந்தார்கள். அவர்கள் வாய் அசைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்து சேர்ந்தது.

முதலில் வந்து சேர்ந்தது ஹிஸ்கியோ சித்தப்பாவின் குரல்.

"அண்ணே! ஏ அண்ணே! எந்திரி! பேரனுக்குக் கட்டப் போறாங்க, இன்னும் என்ன தூக்கம்?" அகப்பையைத் தோளில் துப்பாக்கிபோல வைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் எண்ணெய், பின்னால் நிசோன். அப்பாவின் கட்டிலை அப்படியே தூக்கித் தாழ்வாரத்தில் போடுவதாகத்தான் பேச்சு. படுத்தபடியே பார்க்கலாம், கையை நீட்டினால் பேரன் தலையில் எட்டும்.

"சத்தம் போடாதீங்க சித்தப்பா," என்றாள் புலோர். "ராத்திரி பூரா இருமல். நர்ஸு வந்து ஊசி போட்டுட்டுப் போனா."

"அதனாலென்ன? தூக்கத்தோட தூக்கிட்டுப் போறோம். ஒரு காலத்துல இவரு ரெண்டு மூட்டைய ஒண்ணாத் தூக்கினவரு, இன்னைக்கு இவரே அரை மூட்டைதான். டேய் நிசோன், தலைப்பக்கம் நீ பிடி."

"வேணாம்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சித்தப்பா அகப்பையை இறக்கினார். நிசோன் முன்னால் வந்தான். புதுச் சட்டை, புதுச் செருப்பு, கன்னத்தில் சவரக் கத்தி கீறிய இடத்தில் காகிதத் துணுக்கு.

"ஒரு நிமிஷம் அக்கா. கைய மட்டும் தொட்டுட்டு வந்துடறேன்."

"அப்புறம் தொட்டுக்கலாம்."

"எழுப்பல. சும்மா தொட்டுட்டு."

"சொன்னாக் கேளு தம்பி."

அவன் கீழே பார்த்தான். செருப்பு ஈரத்தில் நின்றது. பார்வை செருப்பிலிருந்து ஈரம் போன வழியே வாசல்படி வரை போய், அவள் கையில் இருந்த கூஜாவுக்கு வந்தது.

"தண்ணி கொட்டிடுச்சா?"

"கொட்டிடுச்சு."

அவன் தலையாட்டினான். கன்னத்துக் காகிதத்தை எடுத்து உருட்டிக் கீழே போட்டான். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"சரி. தூங்கட்டும்," என்றான். பிறகு சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினான். "வாங்க. அங்க வெங்காயம் கருகுது, சமையக்காரரு இங்க வந்து மூட்டை தூக்குறாரு."

"கருகலடா, சிவக்குது! நாப்பது வருஷமா சிவக்கவெச்சுட்டிருக்கேன்!"

நம்பிவிட்டான் என்று அவள் நினைத்தாள். மூச்சு வந்தது. மூச்சோடு சேர்ந்து ஏதோ ஒன்று இறங்கியும் போனது. தன்னோடு சேர்ந்து யாராவது இந்தப் பாரத்தைத் தூக்கிப் பிடித்தால் தேவலை என்று அதுவரை எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது.

ரப்பி வந்தார். வெல்வெட் உறையில் சுற்றிய தோராச் சுருளைக் குழந்தைபோல ஏந்தி ஒருவர் பின்னால் வந்தார். பெண்கள் தாழ்வாரத்துக்கு ஏறினார்கள், ஆண்கள் முற்றத்தில் நின்றார்கள். நிசோனின் பெண்டாட்டி சிவ்யோ கையில் ஜோமாவை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தாள். பொன்சரிகை வேலை செய்த அங்கி. பையனுக்கு அதைப் போர்த்திவிட வேண்டியது அத்தை.

"அண்ணி! எங்க போனீங்க? எல்லாரும் நிக்கிறாங்க." அவள் பார்வை புலோரின் தலைக்குப் போனது. "இது என்ன கோலம்? நான் வாங்கிக் குடுத்த துணி எங்க?"

"உள்ள இருக்கு."

"உள்ள யாருக்கு வெச்சிருக்கீங்க? போகும்போது கொண்டுபோறதுக்கா? ஒரு நாள் கட்டினாத்தான் என்ன, தேஞ்சா போயிடும்? எங்க அக்கா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

மற்ற நாளாக இருந்தால் புலோர் இதற்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பாள். இருவருக்கும் அது தினப்படி சாப்பாடு மாதிரி. இன்றைக்கு ஜோமாவை வாங்கிக்கொண்டாள். பதில் வராததால் சிவ்யோ ஒரு நொடி தடுமாறிப்போய், "சாப்பிட்டீங்களா?" என்றாள். யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அம்னுன் இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டு நின்றான். எலும்பும் தோலுமான கை, மயிர்க்கூச்செறிந்திருந்தது. அவள் ஜோமாவைப் போர்த்தினாள். சரிகையின் கனத்தில் பையன் ஒரு பக்கம் சாய்ந்தான்.

"தாத்தா வரல அத்தை?"

"நீ ஒழுங்காப் படி. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"நடுவுல ஒரு எடம் மறந்துடுது."

"மறந்தா நிக்காத. பாடிட்டே போ. பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேரு சோத்து நெனப்புல இருப்பாங்க."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது மேலுதடு மடிவது அப்பாவுக்கு மடிகிற மாதிரியே இருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ரப்பி ஆட்களை எண்ணத் தொடங்கினார். ஒன்று இரண்டு என்று மனுஷத் தலையை எண்ணக்கூடாது, ஒரு வாசகத்தின் சொற்களை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டு விரல் நகர்ந்தது. நிசோனிடம் வந்தபோது அவன், "என்னை விட்டுட்டு எண்ணுங்க ரப்பி," என்றான்.

"ஏன், உனக்கென்ன?"

"இன்னைக்கு இத்தனை பேரு இருக்காங்களே. தினமும் ஆள் இல்லாம என்னைத்தானே கட்டி இழுக்கிறீங்க. ஒரு நாள் லீவு குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரப்பியும் சிரித்து, விரலை அடுத்த ஆளுக்கு நகர்த்தினார். புலோர் சிரிக்கவில்லை. தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். 

தம்பி அவள் பக்கம் திரும்பவே இல்லை. தன் கைக்கும் நெற்றிக்கும் கட்டியிருந்தான், மற்ற ஆண்களைப் போலவே. இப்போது மகன் கையை எடுத்துத் தன் மார்போடு அணைத்துப் பிடித்தான். பெட்டியை இதயத்துக்கு எதிராக வருமாறு புஜத்தில் வைத்தான். வாரை இழுத்தான். பையன் ஆசிவாக்கியத்தைச் சொன்னான், குரல் பாதியில் கீச்சிட்டது, யாரோ இளவட்டம் கனைத்தான். நிசோன் சுற்றத் தொடங்கினான். முழங்கைக்குக் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. அவன் விரல்கள் நட்டு போல்ட்டு முடுக்கிய விரல்கள். பட்டறையில் இரும்பைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.  ஒரு சுற்றில் நின்றுவிட்டான். வாரைப் பிடித்தபடி சாத்தியிருந்த கதவுப் பக்கம் முகம் போயிற்று. ரப்பி மெல்ல இருமினார். நிசோன் விட்ட இடத்திலிருந்து சுற்றினான்.

முற்றமே ஒரு தொட்டிபோல அவளுக்குத் தெரிந்தது. வெள்ளை ஆவியில் வெள்ளைச் சால்வை போர்த்திய தலைகள் கூடுகள்போல ஏறி இறங்கின. எங்கோ ஒரு நுனி அகப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத இழை ஒன்று எல்லாவற்றிலிருந்தும் அவிழ்ந்து, சத்தமில்லாமல் அந்த ஒல்லிக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நீண்டுகொண்டே போனது. நின்றுவிடக் கூடாது, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று மட்டும் அவள் வேண்டிக்கொண்டாள்.

பையன் படித்தான். மறந்துபோகிற இடம் வந்தது. நிற்காமல் பாடிக்கொண்டு போனான். நிசோன் பக்கத்தில் தோளோடு தோளாக நின்று உதட்டை மட்டும் அசைத்தான். படித்து முடித்ததும் பெண்கள் மிட்டாயை அள்ளி வீசினார்கள். பிள்ளைகள் ஆண்களின் காலிடுக்கில் புகுந்து பொறுக்கினார்கள். தாயிரா கிளம்பியது, அதற்குள் நன்றாக இறுகிப்போய்க் கணீரென்று முழங்கியது. ஹிஸ்கியோ சித்தப்பா அகப்பையோடு நடுவில் குதித்தார். தொந்தி ஒரு தாளத்திலும் தோள் வேறொரு தாளத்திலும் ஆடியது.

"அடுப்புல என்ன ஆச்சுன்னு பாருய்யா!" என்று அவர் பெண்டாட்டி கத்தினாள்.

"அடுப்பும் என்கூட ஆடுதுடி!"

சிவ்யோ ஒரு கிண்ணத்தில் சோறும், அதன்மேல் இரண்டு துண்டு கறியுமாகக் கொண்டுவந்து புலோர் முன்னால் நீட்டினாள். "முதல்ல உங்களுக்கு. வாயத் திறங்க. காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, முகத்தப் பாருங்க எப்படி இருக்குன்னு."

"அப்புறம்."

"என் கையால சாப்பிட மாட்டீங்களாக்கும். இன்னைக்குமா?"

"அப்புறம் சாப்பிடறேன் சிவ்யோ. சத்தியமா."

கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். கறியின் மணத்தில் பசி எடுத்தது. வெட்கமாக இருந்தது. அந்தக் கிண்ணத்துக்கு மேலாகத்தான் அவள் பார்த்தாள். கீழே நிசோன் கையில் யாரோ மதுக் கோப்பையைத் திணித்தார்கள். எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்த்துச் சொன்னார்கள். அவன் உயர்த்தினான், உதட்டில் வைத்தான், தலையைப் பின்னால் சாய்த்தான். தொண்டை அசையவில்லை. கோப்பை கீழே வந்தபோது ததும்ப இருந்ததை அப்படியே சித்தப்பாவிடம் கொடுத்தான். அவர் ஆடிக்கொண்டே குடித்தார்.

பிறகு மற்ற ஆண்கள் வார்களை அவிழ்க்கத் தொடங்கியபோது நிசோன் அவிழ்க்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தாழ்வாரத்துப் படிக்குக் கீழே நின்றான். நெற்றியில் பெட்டி, கையில் வார். அவனுக்குப் பின்னால் தாயிரா முழங்கிக்கொண்டிருந்தது.

"இப்பச் சொல்லு அக்கா," என்றான்.

அவள் கிண்ணத்தை மறு கைக்கு மாற்றினாள். 

"சொல்லு. முடிஞ்சிடுச்சு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ இன்னும் சொல்லலையே. நீ சொல்லாத வரைக்கும் எனக்கு என்ன தெரியும்?" படியில் ஒரு கால் வைத்தான். "சொல்லிடு அக்கா. நின்னுட்டே இருக்க முடியல."

"அப்பா போயிட்டாருடா."

அவன் தலையாட்டினான், காலையில் ஆட்டிய மாதிரியே. "கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. நான் கையப் பிடிச்சிட்டிருந்தேன். எனக்கே தெரியல."

சிவ்யோ பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் புலோரின் தலைத்துணியைப் பார்த்தாள், தொடாமல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். பிறகு முற்றத்துக்கு இறங்கி, தேநீர்க் கெண்டியை எடுத்து வாய்க்காலில் கவிழ்த்தாள். பக்கெட்டை எடுத்துக் கவிழ்த்தாள். கைகழுவ வைத்திருந்த செம்பையும் கவிழ்த்தாள். துஷான்பேயிலிருந்து வந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து பக்கத்தில் இருந்த பானையைச் சாய்த்தாள். தாயிராவின் சத்தம் ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஹிஸ்கியோ சித்தப்பாவின் செருப்புச் சத்தம் மட்டும் தாளத்தோடு கேட்டது. அதுவும் நின்றது.

அவர் வந்து படியில் தொப்பென்று உட்கார்ந்தார். அகப்பை இன்னும் கையில் இருந்தது.

"என்னை ஆட விட்டுட்டியேடி," என்றார். "எங்கண்ணன் உள்ள கிடக்கறான், நான் இங்க குரங்காட்டம் ஆடிட்டிருந்தேன். தின்னுட்டேன் வேற. குடிச்சுட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது சித்தப்பா. தெரியாதவனுக்குத் தப்பு இல்ல."

அவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். எண்ணெயும் கண்ணீரும் ஒன்றாகிப் பளபளத்தது. பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "நல்லா ஆடினேனா?"

"நல்லா ஆடினீங்க."

ரப்பி வந்தார். யார் எப்போது சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. புலோரை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் கல்லறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், குளிப்பாட்ட ஆள் வர வேண்டும் என்று வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். அண்டாவில் இருந்த சோற்றைப் பற்றி யாரோ தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "வெளியூர்க்காரங்க பசியோட இருக்காங்க. பந்தி போடுங்க," என்றார். "சத்தம் மட்டும் வேணாம்." ஆட்கள் உட்கார்ந்தார்கள். தட்டுகள் கைமாறின. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இந்த ஊரில் காலையில் இதே சோறுதான்.

கதவைத் திறந்ததும் இஸ்தாம் கிழவி எழுந்து சுவரோரமாக ஒதுங்கினாள். உடம்பைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்க வேண்டும். நிசோன் படி ஏறி வாசலுக்கு வந்து நின்றுவிட்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். செத்தவர் முன்னால் தெஃபிலினோடு போய் நிற்கக்கூடாது. இனி அவரால் கட்ட முடியாததைக் கட்டிக்கொண்டு காட்டினால் அது அவரை ஏளனம் செய்வதுபோல.

அம்னுன் அவன் பின்னாலேயே வந்திருந்தான். ஜோமா தோளிலிருந்து வழிந்திருந்தது.

"நானும் கழட்டணுமாப்பா?"

"உள்ள வர்றதா இருந்தா கழட்டணும்."

பையன் யோசித்தான். பிறகு விரலில் இருந்த சுற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அப்பனும் மகனும் வாசல்படிக்கு வெளியே நின்று வாரை அவிழ்த்தார்கள். அவசரம் இல்லை. நிசோன் தன்னுடையதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மகனுடையதை வாங்கி, பெட்டியைச் சுற்றி ஒழுங்காக மடித்துப் பையில் போட்டான். பையைப் புலோரிடம் கொடுத்தான். உள்ளே வந்தான். கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு கையை அப்பாவின் பிடரிக்குக் கீழேயும் ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் கொடுத்தான். கால்பக்கம் சித்தப்பா பிடித்தார்.

"மெதுவா," என்றாள் புலோர்.

தூக்கினார்கள். கனமே இல்லை. அப்பாவின் தலை நிசோனின் இடது கை மடிப்பில் வந்து சாய்ந்தது. சுருட்டிய சட்டைக்குக் கீழே, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், வார் அழுத்திய தடம் வரிவரியாகச் சிவந்து கிடந்தது. தரையில் கிடத்திய பிறகும் அவன் கையை உருவவில்லை. புலோர் பையைப் பிடித்தபடி அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஒவ்வொன்றாக வெளுத்து, தோலோடு தோலாகிக்கொண்டிருந்தன.